கப்பல் வந்தபோது தோணி திரும்பிக்கொண்டிருந்தது

“நாங்க திரும்புதோம். கப்பல் வருது,” என்றார் மிக்கேல் தண்டல்.

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஏஜெண்டு ஆபீசின் நீள மேசைக்கு இந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்போம். கூடப்பிறந்த தம்பியை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகாத மனிதர். முகத்தில் சவரம் இல்லை. சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக் கப்பலின் கேப்டன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஆபீஸ் ஹெட்கிளார்க், சாத்தான்குளத்துக்காரர். ஜன்னலோரம் தோணி முதலாளி. மூலையில் ஒரு ஸ்டூலில் என் அம்மா. வயதுப் பெண்ணை ஆண்கள் நடுவே தனியாக அனுப்பக்கூடாதென்று கூடவே வந்து, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லாருக்கும் நடுவில் நான். என் முன்னால் வெள்ளைத் தாள், மைக்கூடு, பேனா.

கீழே சரக்குக் கிட்டங்கி முற்றத்தில், கப்பலின் அடித்தட்டில் நனைந்துபோன அரிசி மூட்டைகளைப் பிரித்துக் காயப் போட்டிருந்தார்கள். அந்தப் புளித்த வாடை மாடிவரை ஏறி வந்தது. பர்மா அரிசி நின்றுபோய், ரேஷன் கடையில் எது கொடுத்தாலும் வாங்கித் தின்ற காலம். சைகோனிலிருந்து அரிசி வருகிறது என்று ஊரே அந்தக் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தது.

மிக்கேல் தண்டல் சொன்னதை நான் பிரெஞ்சில் எழுத வேண்டும். ‘திரும்புதோம்’, ‘வருது’. இரண்டும் நிகழ்காலம். முடிந்துபோனதை நடக்கிறதுபோலச் சொல்வது எங்கள் கடற்கரையின் பேச்சுவழக்கு. அவர் விஷயத்தில் அது வெறும் வழக்கு இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் கண்ணுக்கு முன்னால் அந்தக் கப்பல் இன்னமும் வந்துகொண்டிருந்தது.

ஆனால் வாக்குமூலத்தை இறந்த காலத்தில் எழுத வேண்டும். பிரெஞ்சில் இறந்த காலம் ஒன்று இல்லை. எதைப் போடுவது என்று தெரியாமல் பேனாவை மைக்கூட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சைகோன் பள்ளிக்கூடம்

தூத்துக்குடிப் பெண்ணுக்குப் பிரெஞ்சு எப்படி வந்தது என்று, இந்தத் தொடரை இடையிலிருந்து படிக்கிறவர்கள் கேட்கலாம். அப்பா சைகோனில் ஒரு காரைக்கால் வியாபாரியின் கடையில் ஸ்டோர் பார்த்தார். நான் நடக்கப் பழகியது அங்கேதான். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வகுப்பில் கறுப்பாக இருந்தது நான் ஒருத்திதான். வீட்டில் தமிழ், தெருவில் அந்த நாட்டு அனாமியர் பாஷை, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. சமையலறைக்கு மட்டும் எங்கள் வீட்டிலும் குசினி, பள்ளிக்கூடத்திலும் ஏறக்குறைய அதே சொல். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அப்பா காய்ச்சலில் அங்கேயே இறந்தார். யுத்தம் கிழக்கே பரவுவதற்குள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டாள். அந்தப் பயணத்தைப் பற்றிப் போன வாரம் எழுதிவிட்டேன்.

திரும்பி வந்து தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, ஆசிரியைப் பயிற்சி முடித்து, கான்வென்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு யாருக்கும் தேவைப்படவில்லை. மறந்துவிடக் கூடாதென்று அந்த பாஷையிலேயே ஜெபம் சொல்லிக்கொள்வேன். அம்மாவுக்கு அது பிடிக்கும். அப்பாவின் வீடு இன்னும் எங்கேயோ இருக்கிறமாதிரி இருக்கும் என்பாள்.

சைகோன் பள்ளிக்கூடத்தில் எங்களை அழவைத்த பாடம் இறந்த காலங்கள்தான். புத்தகத்தில் மட்டும் வருகிறவற்றை விட்டுவிட்டாலும் இரண்டு மிஞ்சும். ஒன்றின் பெயர் அம்பர்ஃபே. நடந்துகொண்டே இருந்ததற்கும், வழக்கமாக நடந்ததற்கும், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று கேட்கத் தேவையில்லாததற்கும் அது. இன்னொன்று பாஸே கொம்போஸே. நடந்தது, முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போவதற்கு.

மழை பெய்துகொண்டிருந்தது, கதவைத் தட்டினார்கள். மழைக்கு முதலாவது, தட்டியதற்கு இரண்டாவது. மாற்றிப் போட்டால் கதவைத் தட்டியதும் மழை கொட்டியது என்றாகிவிடும். மாற்றிப் போட்டவளைச் சிஸ்டர் வாசலில் நிறுத்தி, மழை வருகிறதா பார் என்பார். நான் பலமுறை வாசலில் நின்றிருக்கிறேன். அதனாலேயே அந்தப் பாடம் எனக்கு மனதில் ஊறிப்போயிருந்தது.

கடலில் நடந்தது

அந்தக் காலத்தில் எங்கள் துறைமுகத்துக்குக் கப்பல் கரைவரை வராது. ஆழம் போதாது. வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தான் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். எந்தத் தோணி முதலில் போய்ச் சேருகிறதோ அதற்கு முதல் சரக்கு. அதனால் கப்பல் தெரிகிறது என்றதுமே பாயை விரித்துவிடுவார்கள்.

மிக்கேல் தண்டலின் தோணியில் அன்று அவருடைய தம்பி சந்தியாகும் போயிருந்தார். நான் அண்ணன் என்று கூப்பிடுகிற சந்தியாகு தோணிக்காரர் இல்லை, சங்கு குளிக்கிறவர். குளிப்பு இல்லாத மாதங்களில் மிக்கேல் தண்டலோடு போவார். எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி அவர் வீடு. அவர் மனைவி ரெஜினாவை நான் மதினி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி இரண்டு திருநாள் பார்த்திருப்பார்கள்.

கப்பல் இன்னும் நங்கூரம் போடவில்லை, மெதுவாக வந்துகொண்டிருந்தது. காற்றுக்குத் தகுந்தபடி தோணி பாய் மாற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. பாய் மாற்றுகிற நேரத்தில் தோணிக்கு ஓட்டம் இருக்காது. பாய் இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் சுக்கானை எப்படிப் பிடித்தாலும் விலக முடியாது. விலக முடிகிறவன் கப்பல்காரன் ஒருவன்தான்.

கப்பலின் மூக்கு தோணியின் பின்பக்கத்தில் இடித்தது. தோணி கவிழ்ந்தது. மற்றவர்களை அடுத்த தோணிக்காரர்கள் தூக்கிவிட்டார்கள். சந்தியாகு அண்ணன் பாய்க்கு அடியில் சிக்கிக்கொண்டார். மறுநாள் முயல்தீவுப் பக்கம் ஒதுங்கினார்.

சங்கு குளிக்கிறவன் தண்ணீரில் சாவானா என்று ஊரில் கேட்டார்கள். துக்கத்தில்தான் கேட்டார்கள். அதே கேள்வியை ஹெட்கிளார்க் வேறு மாதிரிக் கேட்டார். சாராயம் போட்டிருப்பானோ என்றார்.

துறைமுக அதிகாரிக்கு இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரே வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டால் விசாரணை சுருக்கமாக முடிந்துவிடும் என்று ஏஜெண்டு ஆபீசில் முடிவு செய்தார்கள். கேப்டன் அது பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும் என்றார். அவருடைய கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம். அதைப் பார்த்து ஹெட்கிளார்க் இங்கிலீஷில் ஒரு பிரதி செய்வார். அவருக்கு வாசிக்குமளவு பிரெஞ்சு தெரியும், எழுத வராது. மொழிபெயர்க்க ஆள் தேடியபோது கான்வென்டில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

போக வேண்டாம் என்றுதான் அம்மா முதலில் சொன்னாள். ரெஜினா மதினிதான் வீட்டுக்கே வந்து கேட்டாள். நம்ம ஆளு ஒருத்தி உள்ள இருந்தா நல்லதுதான என்றாள். அப்போ நானும் கூட வாரேன் என்றாள் அம்மா.

ஒரே ஓர் ‘அ’

நான் மிக்கேல் தண்டலைக் கேட்டேன். “அண்ணாச்சி, கப்பல் கிட்ட வாரதுக்கு முன்னாலேயே நீங்க திரும்ப ஆரம்பிச்சிட்டியளா, இல்ல, வந்த பெறகு திரும்புனியளா?”

அவர் யோசிக்கவே இல்லை. “பாய மாத்தியாச்சு, பாதி திரும்பியாச்சு. திரும்பிக்கிட்டே இருக்கோம். அப்பந்தான் அது எங்க மேல வருது. சந்தியாகுதான் மொதல்ல கண்டான். கையக் காட்டிக் கூப்பாடு போடுதான். மேல ஒருத்தன் நிக்கான், வேற பக்கம் பாத்துக்கிட்டு நிக்கான்.”

எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. எழுதினேன். ‘கப்பல் வந்தபோது தோணி திரும்பிக்கொண்டிருந்தது.’ வந்ததற்குப் பாஸே கொம்போஸே. திரும்பியதற்கு அம்பர்ஃபே. பள்ளிக்கூடத்து வாசலில் நின்று படித்த பாடத்தில் இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது.

எழுதி முடித்ததைக் கேப்டனிடம் நீட்டினேன். அவர் மரியாதையான மனிதர். நான் உள்ளே வந்தபோது எழுந்து நின்றவர். நிதானமாக வாசித்தார். இந்த ஊரில் இப்படியொரு பிரெஞ்சைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை என்றார். எழுத்து அழகாக இருக்கிறது என்றார். பிறகு என் கையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார்.

ஒரு சின்னப் பிழை இருக்கிறது, மத்மோசேல், என்று சொல்லி, ஒரு சொல்லை அடித்துவிட்டு மேலே எழுதினார்.

நான் எழுதியிருந்தது, ‘லா பார்க் தூர்னே.’ தோணி திரும்பிக்கொண்டிருந்தது. அவர் எழுதியது, ‘லா பார்க் அ தூர்னே.’ தோணி திரும்பியது. எழுத்தில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. காதுக்கு நடுவில் ஓர் ‘அ’ கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் இப்போது வாக்கியம் என்ன சொல்கிறது? கப்பல் வந்தது, வந்தபோது தோணி திரும்பியது. கப்பலைப் பார்த்த பிறகு குறுக்கே திரும்பிய தோணி. தன் சாவைத் தானே தேடிப் போன தோணி.

பிழை இல்லை, முசியே, தோணி அதற்கு முன்பே திரும்பிக்கொண்டிருந்தது, அவர் அப்படித்தான் சொல்கிறார் என்றேன்.

கேப்டன் புன்னகை செய்தார். கன்னியாஸ்திரிகளிடம் படித்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லத்தான் கற்றுக்கொடுப்பார்கள், கடலில் எழுதுகிற அறிக்கைக்கு வேறு முறை, ஒரு காரியம் ஓரிடத்தில் நடந்து முடிந்தால் அதை முடிந்ததாகத்தான் எழுத வேண்டும் என்றார். எல்லாம் இலக்கணம் சொல்லிக்கொடுக்கிற குரலில்தான் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

அவர் சொன்ன விதியில் பொய் இல்லை. நடந்து முடிந்ததை முடிந்ததாக எழுத வேண்டும் என்பது சரிதான். தோணி திரும்பி முடிக்கவில்லை என்பதுதான் விஷயம். முடித்திருந்தால் அது பிழைத்திருக்கும். இதையே அவரிடம் சொன்னேன். சிரிப்பு நின்றது. நீங்கள் அந்தத் தோணியில் இருந்தீர்களா என்று கேட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஹெட்கிளார்க்கைப் பார்த்தார்.

ஹெட்கிளார்க்குக்கு என்ன நடக்கிறது என்று நன்றாகவே புரிந்தது. வாசிக்கத் தெரிந்தவர் அல்லவா. என் பக்கம் குனிந்தார். “தங்கச்சி, அது அவரு தாய்பாஷை. அவருக்குத் தெரியாத இலக்கணமா உனக்குத் தெரிஞ்சிரப் போவுது? ஒரு எழுத்துக்குப் போயி நிக்காத.”

கைநாட்டு

வாசித்துக் காட்டு என்றார்கள். தமிழில் சொல்லிவிட்டால் போதும், தண்டல் கைநாட்டு வைத்துவிடுவார்.

‘கப்பல் வந்தப்போ தோணி திரும்புச்சு’ என்று நான் மொட்டையாகச் சொல்லியிருந்தால் அவருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. தமிழில் அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஹெட்கிளார்க்கும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

நான் அப்படிச் சொல்லவில்லை. அண்ணாச்சி, நான் எழுதின ஒரு சொல்லை இவர் மாற்றிவிட்டார், கப்பல் வந்ததற்கு அப்புறம் நீங்கள் திரும்பினதாக இதில் இருக்கிறது, கை வைக்காதீர்கள் என்றேன்.

மிக்கேல் தண்டல் குனிந்து தாளைப் பார்த்தார். “அப்போ கப்பலக் கண்டுக்கிட்டே நாங்க குறுக்க போயி விழுந்தோம்னு ஆகுதுல்லா,” என்றார். அதை என்னிடம்தான் சொன்னார். பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அதுவரை பேசாமல் இருந்த முதலாளி ஜன்னலை விட்டு வந்தார். அவர் கத்தவில்லை. மிக்கேல் தண்டலின் தோளில் கை போட்டு, அறையின் ஓரத்துக்குக் கூட்டிப் போனார். அறை சின்னது, எல்லாம் கேட்டது. கப்பல்காரன் கோபித்துக்கொண்டு வேறு ஏஜெண்டிடம் போய்விட்டால் நம் தோணிகளெல்லாம் கரையில் கிடந்து காயும் என்றார். மற்றத் தண்டல்மார் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாமா என்றார். விசாரணை இழுத்துக்கொண்டே போனால் ரெஜினாவுக்குக் கிடைக்க வேண்டிய உதவியும் கிடைக்காது, இப்போதே முடித்துவிட்டால் கம்பெனியிடம் பேசித் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார்.

“ஏலே மிக்கேலு, போனவன் திரும்பி வரப் போறதில்ல. இருக்கவளப் பாரு.”

மிக்கேல் தண்டல் திரும்பி வந்தார். என்னைப் பார்க்காமல் கையை நீட்டினார். ஹெட்கிளார்க் மை தோய்த்த துணியை அவர் பக்கம் நகர்த்தினார்.

வேண்டாம் அண்ணாச்சி என்றேன்.

“எம் பேர்ல குத்தம் வந்தா வந்துட்டுப் போவுது, தாயி. அவ பொழைக்கணும்லா,” என்றார். பெருவிரலை அழுத்தி வைத்தார். வைத்த பிறகு அந்த விரலை எங்கே துடைப்பதென்று தெரியாமல் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

மொழிபெயர்த்தவள் என்று என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முடியாது என்று எழுந்துவிட்டேன். வற்புறுத்தவில்லை. கேப்டன் மறுபடியும் எழுந்து நின்று, எனக்குத் தலை வணங்கினார். அம்மா என் கையைப் பிடித்து மாடிப்படியில் இறங்கினாள். என்ன நடந்தது என்று கேட்டாள். தெருவில் நடந்துகொண்டே சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, உங்க அப்பா இருந்திருந்தா இங்க உன்ன விட்டிருக்க மாட்டாரு என்றாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

ஊர் சொன்னது

நான் கையெழுத்துப் போடாததால் ஒன்றும் நின்றுவிடவில்லை. ஹெட்கிளார்க் செய்த இங்கிலீஷ் பிரதியின் அடியில், இன்ன கான்வென்டின் இன்ன ஆசிரியை மொழிபெயர்த்தது என்று என் பெயரை டைப் அடித்துவிட்டார்கள். துறைமுக ஆபீசில் வேலை பார்த்த எங்கள் கோயில் உபதேசியாரின் மகன் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

ஹெட்கிளார்க்கிடம் போய், என் பெயரை எடுங்கள் என்றேன். ஆபீஸ் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார். நீ மொழிபெயர்க்கவில்லையா என்று கேட்டார். மொழிபெயர்த்தேன், ஆனால் அது நான் எழுதினது இல்லை என்றேன். ஒரு எழுத்துத் தவிர மற்றதெல்லாம் நீ எழுதினதுதானே என்றார். அவர் சொன்னது உண்மைதான். அப்படியே திரும்பி வந்தேன்.

அந்த வருடம் மழை தொடங்குவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. தோணி குறுக்கே திரும்பியதே விபத்துக்குக் காரணம், கப்பலின் மேல் தவறு இல்லை என்று தீர்ப்பு. தவறு தோணியுடையது என்று ஆகிவிட்டதால் ரெஜினா மதினிக்கு ஒன்றும் கிடையாது என்று கம்பெனி கை விரித்தது. முதலாளி உதட்டைப் பிதுக்கினார். கைநாட்டு வைத்தால்தான் உதவி என்று சொன்னவர், கைநாட்டு வைத்ததனால்தான் உதவி இல்லை என்பதை யாருக்கும் விளக்கவில்லை.

மிக்கேல் தண்டலிடமிருந்து தண்டல் உரிமையைப் பறித்தார்கள். தோணியில் சாதாரண ஆளாக வரச் சொன்னார் முதலாளி. அவர் போகவில்லை. ஊருக்கு வெளியே உப்பளத்தில் உப்புச் சுமக்கப் போனார். அந்த வெயிலும் வெள்ளையும் சேர்ந்து அவருடைய கண்ணைக் கெடுத்தன. தெருவில் எதிரே வந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரு, டீச்சர் பிள்ளையா என்று கேட்பார். அந்த வாக்குமூலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேசியது ஊர்தான். பூசை முடிந்து வெளியே வருகிறபோது பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள். பிராஞ்சு பாஷை படிச்ச திமிருல நம்ம ஆளயே மாட்டி வுட்டுட்டாளே என்று குழாயடியில் ஒருத்தி அம்மாவின் காதுபடச் சொன்னாள். மணப்பாட்டிலிருந்து பேசி வந்த ஒரு சம்பந்தம் நின்றது. காரணம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அம்மா ஒவ்வொருத்தியிடமும் போய் நடந்ததைச் சொல்லிப் பார்த்தாள். எம் மக சரியாத்தான் எழுதினா, அவன் மாத்திட்டான் என்பாள். என்ன மாத்தினான் என்று அவர்கள் கேட்பார்கள். அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. திரும்புனதத் திரும்புனதுன்னு எழுதிட்டான் என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

சொல்லிப் புரியவைக்க முடியாத அநியாயத்துக்கு ஊரில் மதிப்பில்லை. அடித்தான், திருடினான் என்றால் நாலு பேர் கூடுவார்கள். காலத்தை மாற்றிப் போட்டான் என்று சொன்னால் யார் வருவார்கள்?

ரெஜினா மதினி

ரெஜினா மதினி அதுவரை என் வீட்டுப் பக்கம் வரவில்லை. எனக்கும் அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவள்தானே என்னை அங்கே போகச் சொன்னவள். மீன் காயப்போடுகிற இடத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

மறு வருடம் பெரிய வியாழன் கழிந்து ஒரு நாள் மத்தியானம் வந்தாள். கையில் இன்னும் கருவாட்டு உப்பு ஒட்டியிருந்தது. அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நேராகக் கேட்டாள்.

“நீ என்ன எழுதின, அவன் என்ன எழுதினான், எங்கிட்ட சொல்லு.”

தமிழில் விளக்கினேன். அவள் தலையை ஆட்டினாள். அப்படி இல்லை, அந்தப் பாஷையிலேயே சொல்லு என்றாள். சொன்னேன். லா பார்க் தூர்னே. லா பார்க் அ தூர்னே. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“ரெண்டும் ஒண்ணாத்தான கேக்கு,” என்றாள்.

ஆமாம் என்றேன்.

நான் அழுவேன் என்று அவள் எதிர்பார்த்திருக்கலாம், அல்லது அவள் அழுவாள் என்று நான். இருவரும் அழவில்லை. அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, நீ எழுதினத எனக்குச் சொல்லிக் குடு என்றாள்.

எதற்கு என்று கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்தேன். ‘லா பார்க்’ அவள் வாயில் சுலபமாக வந்தது. ‘தூர்னே’யில் அந்த ‘ர்’ தொண்டையிலிருந்து வர வேண்டும். அது மட்டும் வரவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டுப் போவாள். பைத்தியம் பிடித்துவிட்டதா இவளுக்கு என்று அம்மா பயந்தாள். எனக்கும் கொஞ்சம் பயம்தான். ஆனால் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த ஒரே ஆள் அவள்.

அடுத்த பிரெஞ்சுக் கப்பல் வந்தபோது ஊருக்குள் சேதி பரவியது. அவள் என்னைக் கூப்பிட வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். நான் அந்த ஆபீசுக்குள் கால் வைக்க மாட்டேன் என்றேன். உள்ள போக வேண்டாம், படகுத்தொறையில நிப்போம், நீ கூட மட்டும் நில்லு என்றாள்.

நின்றோம். வெயில் ஏறியது. படகிலிருந்து கேப்டன் இறங்கினார். இது வேறு ஆள், வேறு கம்பெனி. வயதானவர், தடித்த உடம்பு, படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ஏஜெண்டு ஆபீஸ் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

ரெஜினா மதினி அவருக்கு முன்னால் போய் நின்றாள். யாரோ அவளை விலக்க வந்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஏதோ விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். எங்கள் கடற்கரையில் முத்து, சங்கு என்று நீட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

“லா பார்க் தூர்னே,” என்றாள் அவள். நிறுத்தி, தெளிவாக. அன்றைக்கு அந்த ‘ர்’ சரியாக வந்தது.

கேப்டன் ஆச்சரியப்பட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். அவர் அன்பாகவே தலையசைத்தார். சரி, சரி, தோணி திரும்பிக்கொண்டிருந்தது என்று தானும் சொன்னார். பிறகு கேட்டார். “ஏ அலோர்?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “என்ன சொல்லுதான்?”

நான் சொன்னேன். “நீ சொன்னது சரின்னு சொல்லுதான். அப்புறம் என்னன்னு கேக்கான்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாள் படித்ததில் அதற்குப் பதில் இல்லை. நாங்கள் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் படித்திருந்தோம்.

“அப்புறம் கப்பல் வந்துச்சுன்னு சொல்லு,” என்றாள்.

சொன்னேன். லெ வாப்பேர் எத்தாரிவே. அதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. அதற்கு ஒரே காலம்தான்.

அவர் மேலும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை என்றதும் தொப்பியை லேசாகத் தொட்டுவிட்டு, குடைக்கடியில் ஏஜெண்டு ஆபீசைப் பார்த்து நடந்தார். ரெஜினா மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மத்தியான வேலைக்குப் போனால் பாதிக் கூலியாவது கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, கருவாட்டுக் கொட்டகைப் பக்கம் போனாள்.